கூரம் செப்பேடும் குறிப்புப் படமும்

தொன்னூல் ஆராய்ச்சிக்கு முதற்கண் வேண்டப்படுவது, மூலம் இஃது, உரை இஃது என்று பிரித்துணரும் உணர்ச்சியாம். சிவஞானபோதத்துள் சூத்திரம் வேறு. அதன்மேல் எழுந்த மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பன வேறு. மாதவச் சிவஞானயோகிகள் அந்நூற்குச் சிற்றுரையும் பேருரையும் இயற்றியபோது, சூத்திரத்தின் எழுத்தொன்றனையும் தம் உரையோடு மயங்கவிட்டாரல்லர். மூலத்தின் எல்லை காக்கப்பட்டமையானன்றோ, உரையிற் கருத்து வேறுபடுவாரும் மூலத்தை நோக்கித் தம் வழக்கைத் தீர்த்துக்கொள்ள இயல்வதாயிற்று. அவ்வெல்லை இக்காலத்தே புதியதோர் இடத்தில் அழிந்துவருகின்றது. ஏடுகளையும் அச்சுநூல்களையும் ஸ்கேன் செய்து, அவ்வாவணத்தின் பக்கங்களைத் தனித்தனிப் படங்களாக மாற்றி, அவற்றின்மேற் கோடிட்டும் வண்ணம் பூசியும் விளக்கம் எழுதியும் இணையவழியே பலர்க்கும் வழங்கும் வழக்கமே அவ்விடமாம். வழக்கம் நன்று, அதனைச் செய்யும் முறையே ஆராயற்பாலது.

இதற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரின் செப்பேடுகளைக் காட்டாகக் கொள்ளலாம். 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ மன்னன், கூரத்தில் எழுந்த வித்யாவிநீத பல்லவ பரமேச்சுர கிருகம் என்னும் சிவாலயத்துக்குப் பரமேச்சுரமங்கலம் என்ற ஊரை வழங்கிய செய்தி அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஏடுகள் ஏழு, மொழி வடமொழியும் தமிழும். ஊர் இருபத்தைந்து பங்காக வகுக்கப்பட்டது. மூன்று பங்கு இறைவன் வழிபாட்டுக்கும் கோயிற் பழுதுபார்த்தற்கும் உரியன; ஒரு பங்கு மண்டபத்துக்கு நீரும் தீயும் அளித்தற்கு; ஒரு பங்கு அம்மண்டபத்திற் பாரதம் வாசித்தற்கு; எஞ்சிய இருபதும் நான்மறை வல்லார் இருபதின்மர்க்கு. பொதுமக்கள் கேட்குமாறு நூல் வாசிக்கப்படுதற்கே ஒரு நிலப்பங்கு வைத்த அரசன் செயல், நூலைப் பலர்க்கும் பகிர்தல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று என்பதைத் தெற்றென விளக்கும்.

இவ்வேடுகளைக் கூரத்துக் கோயிலாரிடமிருந்து பெற்று ஆராய்ந்து, 1890-இல் வெளிவந்த தென்னிந்தியச் சாசனங்கள் முதற்றொகுதியிற் பதிப்பித்தவர் ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர். அவர் கண்ட காலத்தேயே ஏடுகள் பெரிதும் சிதைந்திருந்தன. ஐந்தாம் ஏட்டில் ஏறக்குறையப் பாதி அழிந்துபோயிற்று. சாசனப் பதிப்பாளர் தெளிவாகக் கண்டதைக் கண்டவாறும், ஐயுற்றதைப் பகர அடைப்புக்குள்ளும், திருத்தத்தை அடிக்குறிப்பிலும் வைப்பர். சிறியனவாகிய அவ்வடைப்புக் குறிகளே பதிப்பாசிரியரின் நேர்மைக்குச் சான்றாவன.

இனி, அத்தொகுதியின் ஸ்கேன் படியினின்று ஒரு பக்கத்தைப் படமாக்கி, ஐயுற்ற தொடரின்மேல் மஞ்சள் பூசி, பக்கத்தில் அடைப்புக் குறியின்றிப் பொருள் எழுதி, அனைத்தையும் ஒரே படமாகச் சேமித்து ஒருவர் வெளியிட்டாரென்க. அதனைப் பெற்ற மற்றொருவர் தமக்கு வேண்டும் பகுதியை மட்டும் வெட்டி வாட்சாப்பில் அனுப்புவர். மூன்றாமவர் கையில் எஞ்சுவது நூற்பெயரும் பக்க எண்ணும் அற்ற ஒரு துண்டும், அதன்மேல் ஒரு துணிபுமேயாம். 1890-இல் ஐயமாக இருந்தது, மூன்று கை மாறியவளவில் சாசன வாசகமாகிவிடுகின்றது. ஓலையில் இடைச்செருகல் புகப் பல தலைமுறை வேண்டியிருந்தது. படத்திற் புக ஒரு நாழிகை போதும்.

இதற்கு ஒரு சாரார் விடை கூறுவர்: “பெட்டியுட் கிடந்து செல்லரிப்பதினும், பிழையோடாயினும் பரவுதல் மேலன்றோ? அறிஞர் பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்வர், கற்றறியாத அன்பர்க்குப் படமும் வண்ணமும் வேண்டும்” என்று. பரவுதல் மேல் என்னும் அளவில் அவர் கூற்று ஏற்புடையதே. ஆயின் திருத்துதற்கு இடம் வைத்துப் பரப்பியதே திருத்தப்படும். படத்தினுள்ளே பதிந்துவிட்ட எழுத்தைப் பிரித்தெடுத்தல் அரிது. கீழே மறைந்த எழுத்தை மீட்டல் அதனினும் அரிது. எனவே அவர் கூறும் ‘பின்னர்’ என்பது வாராத காலமாகவே முடியும்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவையியலில் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அடக்கினர். குற்றமற்ற காட்சிக்கு ஐயமும் திரிவும் இருத்தலாகாதென்றும் வரையறுத்தனர். இப்பகுப்பு ஏட்டுப்படத்துக்கும் அளவுகோலாதற்கு உரியது. படத்திற் கண்கூடாகத் தெரிவது காட்சி. சிதைந்த இடத்தை முன்பின் நோக்கி நிரப்புவது கருதல். முன்னைப் பதிப்பாசிரியர் கூறியதைக் கொள்வது உரை. இம்மூன்றும் ஒரே நிறத்தில் ஒரே எழுத்தில் ஒரே படத்தின்மேல் எழுதப்படின், பார்ப்பவன் எவ்வளவையால் எதனை அறிந்தான் என்பது அவனுக்கே தெரியாதொழியும்.

ஐயமும் திரிவும் படமாக்கும் தொழிலிலேயே பிறத்தலும் உண்டு. அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் எடுத்த பத்தங்குல ஏட்டின் படம் 4000 புள்ளி நீளமுடையது. அனுப்புதற்கு எளிதென்று அதனை 1000 புள்ளியாகக் குறுக்கின், நீளத்தில் நான்கிலொன்றும் பரப்பிற் பதினாறிலொன்றுமே எஞ்சும். அதன்மேல் ஜேபெக் முறையிற் சுருக்கிச் சேமிக்குந்தோறும் மெல்லிய கோடுகள் மழுங்கும். கீற்றோ கீறலோ என்று அறியலாகாத நிலை அப்போது தோன்றும். இஃது ஐயக் காட்சி.

திரிவோ இதனினும் கொடியது. 2013-இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணினி அறிஞர், படியெடுக்கும் பொறிகள் சில ஸ்கேன் செய்த தாளில் 6 என்ற எண்ணை 8 ஆக மாற்றிவிடுதலைக் கண்டு வெளியிட்டனர். ஒத்த வடிவுடைய எழுத்துக்களை ஒன்றாகக் கருதி ஒன்றன் படத்தையே மற்றதன் இடத்தும் வைத்துச் சுருக்கும் முறையே அதற்குக் காரணம். மழுங்கிய படம் தன் குறையைத் தானே காட்டும். இதுவோ தெளிவாக நின்றே பொய் கூறும். ஓலைச்சுவடிகளிற் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். இத்தகைய எழுத்துடைய மொழிக்கு அச்சுருக்கம் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மற்றொரு சாரார் இதற்கு மறுதலையாகக் கூறுவர்: “அங்ஙனமாயின் குறிப்பே வேண்டா, படத்தை மட்டும் வழங்குக, வல்லார் படித்துக்கொள்க” என்று. இதுவும் பொருந்தாது. பெயர், சாதி, குணம் முதலியன தோன்றாது பொருளுண்மை மாத்திரம் தோன்றுவதை நிருவிகற்பக் காட்சி என்பர் நூலோர். கிரந்தமும் பழந்தமிழும் அறியாத கூரத்து அன்பர் ஒருவர்க்குச் செப்பேட்டின் வெறும்படம் அத்தன்மைத்தே. தம் ஊர்ச் சிவாலயத்துக்கு மூன்று பங்கு வைத்த வரி எது, பாரதம் வாசிப்பார்க்குப் பங்கு வைத்த வரி எது என்று அவருக்குக் காட்டுவது குறிப்பே. தம்மூர்ச் சாசனத்தைத் தாமே கண்டறியும் உரிமை அவர்க்கன்றோ முதலில் உரியது? ஆகலின் குறிப்பு வேண்டும். அது மூலத்தின்மேற் படியாது நிற்றல் வேண்டும்.

இது செயற்கரியதன்று. நூலகங்கள் பல கூடி 2011-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஐ.ஐ.ஐ.எப். என்னும் படப்பகிர்வு நெறியிற் படம் தொடப்படாது ஓரிடத்தில் இருக்கும். குறிப்பு வேறோர் அடுக்கில் இருக்கும். படத்தின் இடவோரத்திலிருந்து இத்துணைப் புள்ளி, மேலோரத்திலிருந்து இத்துணைப் புள்ளி, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று அக்குறிப்பு தன் இடத்தைச் சுட்டும். இத்தகைய குறிப்புக்களுக்கான பொதுவிதியை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017-இற் பரிந்துரைத்தது. வேண்டுவோர் குறிப்பைத் திறந்து காணலாம், வேண்டாதார் மூடிவைக்கலாம், ஒரு வரிக்கு இருவர் கூறும் இரு பொருளும் அருகருகே நிற்கலாம். உரையாசிரியர் பலரும் ஒரு சூத்திரத்தைச் சூழ்ந்து நின்ற மரபே இங்கு வேறு கருவியால் நிகழ்கின்றது.

செப்பேடு செய்தாரும் இதனை அறிந்தேயிருந்தனர். ஏழு ஏடுகளையும் துளையிட்டு ஒரு வளையத்திற் கோத்தனர். வளையத்தில் இடப முத்திரை வைத்தனர். வளையம் ஏடுகளின் தொகையையும் முறையையும் காக்கும். முத்திரை, ஆவணம் யாருடையது என்பதைக் காட்டும். இக்காலத்து உலவும் படங்கள் வளையம் அறுந்த ஏடுகளை ஒப்பன. எந்நூல், எப்பதிப்பு, எப்பக்கம், படமெடுத்தது எப்போது, குறிப்பு எழுதியவர் யார் என்பனவற்றைப் படத்தோடு பிரியாது வைத்தலே அவற்றுக்கு வளையமும் முத்திரையுமாம். ஐ.ஐ.ஐ.எப். நெறியில் ஏடுகளின் வரிசையையும் விவரத்தையும் தாங்கும் ‘மானிபெஸ்ட்’ என்னும் தொகுப்போலை செய்யும் தொழிலும் இதுவே. இதனைச் செய்ய இயலாது தனிப்படமே வழங்குவார், நூற்பெயரும் பக்கமும் படத்தின் வெளியோரத்தில் எழுதி, குறிப்பில்லாத படத்தையும் உடன்வைத்து, கண்டதற்கு ஒரு நிறமும் கருதியதற்கு வேறொரு நிறமும் இடுதல் சாலும்.

அழிந்த இடத்தை அழிந்ததாகவே காட்டுதல் சைவர்க்குப் புதிய ஒழுக்கமன்று. தில்லையில் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்ததும், எஞ்சியனவே இக்காலத்துக்கு வேண்டுவன என்று திருவருள் உணர்த்தியதும் திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாறு. அழிந்த பதிகங்களுக்கு ஈடாக எவரும் பாடிச் சேர்க்கத் துணிந்திலர். கிடைத்தவற்றையே முறைப்படுத்திப் போற்றினர். அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தமையால், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவிடைவாய்க் கோயிற் கல்லினின்று ஞானசம்பந்தர் பதிகமொன்று வெளிப்பட்டபோது, அது தனக்குரிய இடத்தில் அமர்ந்தது. வெற்றிடத்தைப் போலியால் நிரப்பியிருப்பின், மெய்யானது வந்தபோது வாயில் அடைபட்டிருக்கும். ஐந்தாம் ஏட்டின் அழிந்த பாதிக்கும் இதுவே நீதி.

புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள், ஏறத்தாழ 11,000, 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆகமங்களின் படிகள் பல இப்போது இருந்த இடத்திலிருந்தே எவரும் காணத்தக்க படங்களாகியுள்ளன. இனி வரும் ஆராய்ச்சியாளர் ஓலையைத் தொடாமலே படத்தைக்கொண்டு முடிவு கூறுவர். படம் திரிந்ததாயின் அம்முடிவும் திரிந்ததேயாம். பிற்காலத்தார் வழிபடும் முறைக்கும் ஓதும் பாடத்துக்கும் அதுவே பற்றுக்கோடாம் என்பதை எண்ணுங்கால், படத்தின்மேல் ஒரு கோடு இழுப்பார்க்கும் பதிப்பாசிரியரின் கடப்பாடு உண்டென்பது போதரும்.

கூரத்து மண்டபத்தில் வாசிப்பவனுக்கு ஒரு பங்கு நிலம் வைத்தனர். அப்பங்கை உண்டவன் ஏட்டிலுள்ளதை வாசிக்கவும், கேட்போர்க்கு அதன் பொருளை வேறாக விளக்கவும் கடமைப்பட்டவன். தன் விளக்கத்தை ஏட்டின்மேல் எழுத அவனுக்கு அதிகாரமில்லை. இணையமாகிய மண்டபத்தில் இன்று வாசிப்பார்க்கும் கடமை அதுவேயாம். மூலத்தை முதலிற் காட்டி, கருத்தைப் பின்னர்க் கூறி, கருத்துக்குத் தம் பெயரிட்டு வழங்குவாராயின், அவர் வழங்கும் ஒவ்வொரு படமும் சிவபுண்ணியமாய் நிலைபெறும்.