சந்தாதாரரை வெளியே அனுப்பிய சபாக்கள்

சென்னையின் சங்கீத சபாக்களைப் பற்றி இன்று எங்கே பேச்செடுத்தாலும் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது. கேட்பவர்களுக்கு வயதாகிவிட்டது, இளைஞர்கள் யூடியூபுக்குப் போய்விட்டார்கள், அதனால் பணமில்லை. இனி வங்கிகளும் நகைக்கடைகளும் கொடுக்கும் ஆதரவுத் தொகைதான் கர்நாடக இசைக்குக் கதி. சபாச் செயலாளர்கள் மேடையிலேயே இதைச் சொல்கிறார்கள். பத்திரிகைகளின் மார்கழிக் கட்டுரைகள் வழிமொழிகின்றன. இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் உறுதியான எண்ணம். காரணத்தையும் விளைவையும் அது இடம் மாற்றி வைத்திருக்கிறது. பன்னிரண்டு மாதமும் சந்தா கட்டிவந்த ரசிகரைக் கைவிட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் தரும் புரவலரைப் பிடித்துக்கொண்டன சபாக்கள். கூட்டமும் கையிருப்பும் கரைந்தது அதற்குப் பிறகுதான்.

தொடக்க வரலாறு வாசகர்கள் அறிந்ததே. பூனாவில் 1874-இல் பிறந்த காயன சமாஜத்தின் கிளையொன்று 1880-களில் சென்னைக்கு வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அது நாடகத்துக்கான சபா. நூற்றாண்டு முடியும் தறுவாயில் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா வந்தது. தஞ்சாவூர் அரண்மனை கைவிட்ட வித்வான்களுக்கு வக்கீல்களும் வணிகர்களும் கூடி மேடை கொடுத்த காலம் அது. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேசய்யர் 1914-இல் ரசிக ரஞ்சன சபாவை ஏற்படுத்தினார். அந்த சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக நின்ற சிறுவன்தான் பின்னாளின் எம்.கே. தியாகராஜ பாகவதர். பாட்டும் நாடகமும் ஒரே கூரையின் கீழ், ஒரே உறுப்பினர்களின் காசில் நடந்தன என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்தவர்கள் மறந்தது இதைத்தான்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது உடன் நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி உருவானது. டாக்டர் யு. ராமராவ் தலைவர், இ. கிருஷ்ணய்யர் செயலாளர்களில் ஒருவர். டிசம்பர் சீசன் என்ற பழக்கத்தின் விதை அங்கே விழுந்தது. 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று தமிழிசைச் சங்கத்தை அமைத்தார். அந்த இயக்கத்துக்காகக் கல்கி எழுதியதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் நூறு முறை எழுதப்பட்டுவிட்டன. சபாக்களின் வரலாறு என்றாலே இந்த இரண்டு அமைப்புகளின் மோதலாகச் சுருக்கிவிடுவது நம் ஆய்வாளர்களின் வழக்கம். மொழி, சாதி, தேசியம் எல்லாம் அலசப்படுகின்றன. வரவு செலவுப் புத்தகத்தை மட்டும் யாரும் பிரிப்பதில்லை. அகாடமியும் தமிழிசைச் சங்கமும் பணவகையில் விதிவிலக்குகள். ஒன்றுக்கு டி.டி. கிருஷ்ணமாச்சாரி போன்றவர்களின் செல்வாக்கு இருந்தது. நேரு 1955-இல் அடிக்கல் நாட்டிய அதன் கட்டடம் 1962-இல் திறக்கப்பட்டது. மற்றொன்றுக்குச் செட்டிநாட்டு அரச குடும்பத்தின் ஆதரவு இருந்தது. இந்த இரண்டை வைத்து மற்ற சபாக்களின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

அதற்கு நடுத்தர சபாக்களிடம் போக வேண்டும். மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், நடிகர் சித்தூர் நாகையாவின் முயற்சியால் எழுந்த வாணி மஹால், யக்ஞராமன் செயலாளராக இருந்து வளர்த்த கிருஷ்ண கான சபா, நாரத கான சபா. ஐம்பதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரையிலான சுமார் முப்பது ஆண்டுகளை இவற்றின் பொற்காலம் என்று தயங்காமல் சொல்வேன். டிசம்பர் அப்போதும் இருந்தது. ஆனால் அது பன்னிரண்டில் ஒரு மாதம். மற்ற மாதங்களில் உறுப்பினர் அட்டையைக் காட்டி உள்ளே போனால் ஒரு கச்சேரி, ஒரு நாடகம், சில இடங்களில் ஒரு திரைப்படம். அரசு அலுவலக குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியையும் குடும்பத்தோடு சந்தா கட்டினார்கள். ஏப்ரலிலேயே கைக்கு வரும் அந்தத் தொகையை நம்பி, செயலாளர் அடுத்த மார்ச் வரைக்கும் தேதி கொடுக்க முடிந்தது. வித்வானுக்கும் நாடகக் குழுவுக்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடிந்தது.

இதில் நாடகத்தின் பங்கை நம் இலக்கிய உலகம் மனமார ஒப்புக்கொண்டதே இல்லை. சிறுபத்திரிகைகளில் 'சபா நாடகம்' என்பது ஒரு வசைச்சொல். துணுக்குத் தோரணம், நடுத்தர வர்க்கத்தின் சிரிப்பு வியாபாரம் என்று அதைத் தள்ளிவைத்தோம். 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது நவீன நாடகம் விலகி நிற்க விரும்பிய எல்லாமும் சபா மேடையில் இருந்தன. கலை அளவில் அந்த விமரிசனத்தில் பெரும்பகுதி சரி. ஆனால் அது சபாவின் கணக்கைப் பார்க்கவில்லை. ஏஜீஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே கே. பாலசந்தர் எழுதி மேடையேற்றிய 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', சோவின் 'முகமது பின் துக்ளக்', ஒய்.ஜி. பார்த்தசாரதியின் குழு நடத்தியவை, பூர்ணம் விஸ்வநாதனின் நாடகங்கள் ஆகியவற்றைப் பார்க்கத்தான் பெரும்பாலான குடும்பங்கள் சந்தா கட்டின. அந்தச் சந்தாவில்தான் செம்மங்குடியின் விஸ்தாரமான ஆலாபனை நடந்தது. நாடகத்துக்காக உறுப்பினரானவர் அடுத்த சனிக்கிழமை சும்மா வந்து உட்கார்ந்து தோடியைக் கேட்டார். பிறகு அதற்காகவே வந்தார். ரசிகர்களை உருவாக்கியதில் எந்த இசை விமரிசகருக்கும் குறையாத பங்கு அந்த நகைச்சுவை நாடகங்களுக்கு உண்டு. எல்லாமே நகைச்சுவையும் அல்ல: வானம் பார்த்த பூமியில் ஒரு கிராமம் அரசோடு மோதும் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980-இல் இதே மேடைகளில்தான் நடந்தது. சபா உறுப்பினர் அதையும் பார்த்தார்.

பிறகு என்ன நடந்தது? சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் வந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சினிமா என்று வார இறுதி மாலைகளை அது எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் தனியார் தொலைக்காட்சிகளின் நெடுந்தொடர்கள் மற்ற மாலைகளையும் எடுத்துக்கொண்டன. நாடக நடிகர்களையும் கூடவே கொண்டுபோயின. நாடகம் நின்றது, சந்தா சுருங்கியது. இதுவரை சபாக்களின் மேல் குற்றமில்லை. அவை அடுத்து எடுத்த முடிவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் நிறுவனங்களின் விளம்பரப் பணம் வந்தது. அந்தப் பணம் கூட்டத்தைத் தேடும் பணம். கூட்டம் டிசம்பரில் இருந்தது. ஆகவே சபாக்கள் ஆண்டு முழுவதையும் டிசம்பருக்குள் திணித்தன. மாதக் கச்சேரி பெயரளவுக்குச் சுருங்கியது, பல இடங்களில் நின்றேவிட்டது. மேடைத் திரையில் ராகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனச் சின்னங்கள் வரிசை கட்டின.

இன்று சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சபாவின் ஆண்டை எண்ணிப் பாருங்கள். வருமானம் மூன்று வழிகளில் வருகிறது: சீசன் மலரில் விளம்பரம், ஒன்றிரண்டு நிறுவனங்களின் ஆதரவு, முன்னணிப் பாடகர்கள் நாலைந்து பேரின் மாலைக் கச்சேரிகளுக்கான சீட்டு. மூன்றும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில்தான். செலவோ ஆண்டு முழுவதும்: அலுவலக வாடகை, ஊழியர் சம்பளம், அரங்க முன்பணம், மைக், வித்வான்களின் சன்மானம். ஒரு நிறுவனம் புதிய மேலாளரின் கீழ் மனம் மாறி ஆதரவை விலக்கிக்கொண்டால் அந்த ஆண்டே துண்டு விழுகிறது. துண்டு விழும்போது வெட்டப்படுவது எது? டிசம்பரின் பெரிய மாலை வெட்டப்படுவதில்லை, அதுதான் அடுத்த புரவலரை அழைத்து வரவேண்டும். ஜூலையில் நடக்க வேண்டிய விரிவுரையும், செப்டம்பரில் வரவேண்டிய ஹரிகதையும், பிப்ரவரியில் பாடியிருக்க வேண்டிய இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கச்சேரியும் போகின்றன. இளையவர்களுக்கு மிஞ்சுவது டிசம்பர் மதியம், இலவச அனுமதி, ஒன்றரை மணி நேர இடம். அந்த இடத்துக்காகப் பாடுகிறவரே பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற குற்றச்சாட்டு இசையுலகில் நெடுங்காலமாக வெளிப்படையாகவே பேசப்படுகிறது. கலைஞரிடம் பணம் வாங்கி மேடை கொடுக்கும் சபா, சபா என்ற தகுதியையே இழக்கிறது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

டிசம்பரை மட்டும் நம்பும் ஏற்பாடு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2015 வெள்ளமும் 2020-இன் கொள்ளைநோயும் காட்டின. 2020-இல் அரங்குகள் மூடிக்கிடந்தபோது மியூசிக் அகாடமி எட்டு நாள் விழாவாகச் சுருக்கி இணையத்தில் நடத்தியது. நகரத்தின் மற்ற சபாக்கள் பலவும் கூட்டமைப்பாகச் சேர்ந்து 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்ற இணைய விழாவை அளித்தன. ஒருவரோடொருவர் போட்டியிட்ட சபாக்கள் ஒன்றாக உட்கார்ந்தது நல்ல விஷயம், பாராட்டுக்குரியது. ஆனால் அதிலிருந்து அவை கற்ற பாடம் இணையம் என்பது மட்டுமே. மும்பையின் ஷண்முகானந்தா சபாவைப் பார்த்திருந்தால் வேறு பாடம் கிடைத்திருக்கும். 1990-இல் அதன் பெரிய அரங்கம் தீக்கிரையானது. திரும்பத் திறக்கத் தொண்ணூறுகளின் பிற்பகுதி வரை ஆயிற்று. அரங்கம் இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் சபா கலைந்துபோகவில்லை. மாதுங்காவிலும் சயானிலும் அதற்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். கட்டடம் எரிந்தபின்னும் ஒரு சபாவில் மிஞ்சியிருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

வரிச் சட்டமும் சிறு ரசிகரின் பக்கமே நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது 250 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சிச் சீட்டுகளுக்கு விலக்கு இருந்தது. 2018 ஜனவரியில் அது 500 ரூபாயாக உயர்ந்தது. நிறுவன ஆதரவுத் தொகைக்கோ 18 சதவீத வரி. ஐந்நூறு ரூபாய்க்குள் நூறு பேரைச் சேர்ப்பது, ஒரு பெருநிறுவனத்தின் வாசலில் ஆறு மாதம் காத்திருப்பதைவிடக் கடினமான வேலை என்று செயலாளர்கள் சொல்வார்கள். கடினம்தான். அந்த வேலையைச் செய்வதற்காகத்தான் அவர்களைத் தேர்ந்தெடுக்கிறோம்.

முடியும் என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்று உண்டு. 1990-இல் அடையாறு வட்டாரத்தில் தொடங்கிய ஹம்சத்வனி, சொந்த அரங்கம் இல்லாமல் இந்திரா நகர் யூத் ஹாஸ்டலின் திறந்தவெளியில் உறுப்பினர்களைக் கூட்டி நடத்திக் காட்டியது. லஸ்ஸில் ராக சுதா அரங்கின் சின்னக் கூடத்தில் டிசம்பர் அல்லாத மாதங்களிலும் கேட்கத் தெரிந்தவர்கள் வந்து உட்காருகிறார்கள். இரண்டிலும் ஆடம்பரம் இல்லை, பாட்டு இருக்கிறது.

ஆகவே சபாக்களின் அடுத்த பொதுக்குழுக்களுக்கு என் கோரிக்கை இது. வரவு செலவை உறுப்பினர்களின் கைக்கு எட்டும்படி அச்சிட்டுக் கொடுங்கள். ஆதரவுத் தொகையை அரங்கச் செலவோடு நிறுத்தி, வித்வானின் சன்மானத்தைச் சந்தாவிலிருந்து கொடுங்கள். நாடகத்தைத் திரும்பக் கூப்பிடுங்கள். பழைய துணுக்குகளை விட்டுவிட்டு, மேடையில்லாமல் தவிக்கும் நவீன நாடகக் குழுக்களைக் கூப்பிடுங்கள். அவர்களுக்குப் பார்வையாளர் வேண்டும், உங்களுக்குச் சந்தாதாரர் வேண்டும். கச்சேரிகளை ஏப்ரலில் தொடங்குங்கள். கிளீவ்லாந்து ஆராதனைக்காக முன்னணிப் பாடகர்களில் பலர் அமெரிக்காவுக்குப் போயிருக்கும் வாரங்கள் அவை. மாலை ஆறு மணி மேடை காலியாக இருக்கும். டிசம்பர் மதியத்தில் ஒன்றரை மணி நேரம் வாங்கிய அந்தப் பெண்ணுக்கு அதில் மூன்று மணி நேரம் கொடுங்கள், ராகம் தானம் பல்லவியோடு, உரிய சன்மானத்தோடு.