“நான் அறிய விரும்பவில்லை”: ஸ்கேன் அறையில் பெண்ணுக்குத் தரப்பட்ட ஒரே வாக்கியம்

ஸ்கேன் சென்டர்கள் குறித்து நமது இயக்கங்களும் இதழ்களும் இதுகாறும் பேசியதையெல்லாம் ஒரு பலகைக்குள் எழுதிவிடலாம். ‘கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கு சொல்லப்படுவதில்லை, அது சட்டப்படி குற்றம்’ என்கிற பலகைதான் அது. அது சும்மா வந்ததல்ல. ‘இன்று சில நூறு செலவழித்தால் நாளைக்குப் பல ஆயிரம் வரதட்சணை மிச்சம்’ என்ற தொனியில் பம்பாயிலும் வடநகரங்களிலும் விளம்பரங்கள் தொங்கிய எண்பதுகளில், பெண்ணியத் தோழிகள் தெருவில் நின்று கத்தியதன் விளைவாக 1988இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சட்டமும், 1994இல் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தன. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1996இல். வந்தும் அது தூங்கியதால் 2000இல் உச்சநீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2003இல் திருத்தம் வந்தது. இந்த வரலாற்றைக் குறைத்துப் பேசும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் ‘ஆண்’ ‘பெண்’ என்ற ஒற்றைச் சொல்லை மௌனமாக்கிவிட்டால் அந்த அறையின் அரசியல் முடிந்துபோகிறதா? முடிந்துவிட்டதாக நாம் நடந்துகொள்வதுதான் சிக்கல்.

முதலில் அந்தக் கருவியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலக்கியம் பேசுகிறவர்கள் இயந்திரம் என்றதும் ‘நவீனத்துவம்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நமது வழக்கம். ஸ்கேன் எதையும் பார்ப்பதில்லை, அது கேட்கிறது. மனிதக் காது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகள் வரைதான் கேட்கும். வயிற்றில் வைக்கப்படும் அந்தக் கைக்கருவி அனுப்புவதோ நொடிக்கு இருபது லட்சம், ஐம்பது லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி. தசை, நீர், எலும்பு என்று ஒவ்வொரு எல்லையிலும் மோதித் திரும்பும் எதிரொலி வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிட்டுப் புள்ளிபுள்ளியாகத் திரையில் நிரப்புகிறார்கள். வயிற்றில் தடவும் அந்தக் குளிர்ந்த பசை, இடையில் காற்று புகுந்து ஒலியைத் தடுக்காமலிருக்க. ஆக, திரையில் தெரிவது புகைப்படமல்ல, எதிரொலிகளிலிருந்து கட்டப்பட்ட ஒரு பிரதி. பிரதி என்றால் வாசிப்பவர் உண்டு, வாசிப்பு உண்டு, தவறான வாசிப்பும் உண்டு. இத்தனை எளிய விஷயம் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வருவதில்லை. “படத்துல தெரியுதும்மா” என்பதோடு சரி.

கருவியின் வம்சாவளியும் கவனிக்கத்தக்கது. நீருக்கடியில் எதிரியின் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் லாஞ்செவின் முயன்ற தொழில்நுட்பம், பிறகு உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடும் ஆலைக் கருவியாயிற்று. 1955இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், பாய்லர் செய்யும் ஒரு தொழிற்சாலையின் விரிசல் சோதிக்கும் கருவியில், அறுத்தெடுத்த கட்டிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். 1958இல் ‘லான்செட்’ இதழில் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றைய ஸ்கேன் தொடங்குகிறது. பகைவனின் கலம், பாய்லரின் விரிசல், பெண்ணின் வயிறு என மூன்றும் ஒரே பார்வையின் கீழ் வந்துசேர்ந்தன. இதே டொனால்ட், 1967இல் பிரிட்டனில் கருக்கலைப்பை அனுமதித்த சட்டத்தை எதிர்த்தவர். கருவின் பிம்பம் அவருக்குக் கருக்கலைப்புக்கு எதிரான சாட்சி. நம்மூரில் அதே பிம்பம் பெண் கருவைக் கலைப்பதற்கான சாட்சி. முரண் போலத் தோன்றினாலும் இரண்டிலும் ஒன்று பொது. வயிற்றுக்குச் சொந்தக்காரி படத்தில் இல்லை.

மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி 1963இல் எழுதிய ஃபூக்கோ, நோயாளியின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவம், உடலில் இடத்தைத் தேடும் மருத்துவமாக மாறியதைச் சொன்னார். எங்கே வலிக்கிறது என்றாவது அந்த மருத்துவன் கேட்க வேண்டியிருந்தது. ஸ்கேன் அறையில் அந்தக் கேள்விக்கும் வேலையில்லை. “தண்ணி குடிச்சீங்களா? யூரின் முட்டுதா? படுங்க.” மூன்றோடு உரையாடல் முடிகிறது. கர்ப்பம் பற்றி அறியும் உரிமை ஒரு காலத்தில் பெண்ணின் வாய்மொழியில் இருந்தது என்பதை, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒரு மருத்துவரிடம் பெண்கள் சொன்ன முறையீடுகளை வைத்து பார்பரா டூடன் என்ற வரலாற்றாசிரியை காட்டியிருக்கிறார். நமக்கு ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. ‘நாள் தள்ளிப்போயிருக்கு’, ‘முழுகாம இருக்கா’, ‘மசக்கை’, ‘புள்ள புரளுது’ என்று நம்மிடமிருக்கும் சொற்கள் எல்லாமே அவள் சொன்னால்தான் உண்டு. இன்று அவள் “புரளுது” என்றால், “ஸ்கேன்ல பாத்துரலாம்” என்பது பதில்.

இதைச் சொல்வதால் மருத்துவச்சிக் காலத்தைப் பொற்காலம் ஆக்குவதாகத் தோழர்கள் நினைத்துவிட வேண்டாம். பிறந்த பெண் சிசுவின் வாயில் கள்ளிப்பால் ஊற்றவும் அதே மருத்துவச்சியைத்தான் ஏவினார்கள். இடம் மாறிய நஞ்சை ஸ்கேன் முன்கூட்டிச் சொன்னதால் உயிர் பிழைத்த தாய்மார்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. சொன்னதை யாரிடம் சொன்னார்கள்?

தனியார் ஸ்கேன் சென்டர் விற்பது ஒரு காகித உறை. உள்ளே ஒரு கறுப்புப் படம், ஒரு பக்க ஆங்கிலம். பிபிடி என்றால் தலையின் அகலம், எஃப்எல் என்றால் தொடையெலும்பின் நீளம், ஏஎஃப்ஐ என்றால் பனிக்குட நீரின் அளவு. இந்த மூன்றையும் தமிழில் மூன்று வரியில் எழுதிக் கொடுக்கலாம். எழுதுவதில்லை. பணம் கட்டியவளிடம் உறை வருகிறது, ஆனால் அது டாக்டருக்கு எழுதப்பட்ட கடிதம், அவள் தபால்காரி. அந்தக் கடிதத்திலிருந்து அவளுக்குத் திரும்பி வருவது ஒரு வரிதான். “தண்ணி கம்மியா இருக்கு.” “கொடி சுத்தியிருக்கு.” கொடி சுற்றிய குழந்தைகளில் பெரும்பாலானவை கேடில்லாமல் சுகப்பிரசவத்திலேயே பிறக்கின்றன. அந்த இரண்டாம் வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சுமார் 64 விழுக்காடு அறுவை சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் 36. வித்தியாசம் முழுவதையும் ஸ்கேன் தலையில் கட்ட முடியாது. ஆனால் வாசிக்கத் தெரியாத ஒரு தாளை எதிர்த்து எந்தப் பெண், எந்த மாமியார், என்ன வாதாடிவிட முடியும்?

இனி, நமது சொந்தச் சொற்களுக்கு வருவோம். 1986இல் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டியை அட்டைப்படக் கட்டுரையாக்கியது முதல், கள்ளிப்பாலும் நெல்மணியும் தமிழ் மனசாட்சியின் நிரந்தரப் படிமங்களாகிவிட்டன. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 1994இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வந்தது. குற்றவாளி யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வறண்ட ஊர், குறிப்பிட்ட சாதி, படிக்காத கிழவி. அதே ஆண்டுகளில் நகரத்து ஸ்கேன் அறைகளில் நடந்ததைச் சினிமா எடுக்கவில்லை. அங்கே கள்ளி இல்லை, ஏசி இருந்தது. ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் தமிழ்நாட்டில் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. சேலம் மாவட்டத்தில் இந்த எண் 1991லும் 2001லும் 850ஐ ஒட்டியே நின்றது. பிறந்தபின் கொன்றது குறைந்து, பிறக்குமுன் கலைப்பது கூடியது என்பதை இவ்வெண்கள் மட்டுமே நிரூபித்துவிடா. ஆனால் தொட்டில் வைத்தும் படம் எடுத்தும் நாம் துரத்திய குற்றவாளி மட்டும்தான் குற்றவாளி என்ற கதையை இவை சந்தேகப்பட வைக்கின்றன.

இந்தக் காலத்தில்தான் ‘பெண் சிசுக்கொலை’யிலிருந்து ‘பெண் கருக்கொலை’ என்ற சொல்லை உண்டாக்கினோம். சுவரொட்டியில் எழுதினோம், தெருநாடகத்தில் கருவையே பேச வைத்தோம். “அம்மா, என்னைக் கொல்லாதே.” கைதட்டல் விழுந்தது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? 1984இல் அமெரிக்காவில் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் ஸ்கேன் பிம்பத்தைத் திரையிலிட்டு, கரு வாய் திறந்து அலறுவதாகக் காட்டிய ‘மௌன அலறல்’ என்ற படத்திலும் இதே குரல்தான். அந்தப் பிம்பத்தில் தாய் எப்படிக் காணாமல் போகிறாள் என்று 1987இல் ரோசலிண்ட் பெட்செஸ்கி எழுதினார். கருவைத் தனியாள் என்றும், கலைப்பதைக் கொலை என்றும், வயிற்றை வெறும் இடம் என்றும் பார்க்கும் அந்தக் கருவியின் கண்ணைத்தான் நாம் எதிர்ப்பின் மொழியாக எடுத்துக்கொண்டோம். கர்ப்பத்தடையை நாட்டின் பொருளாதாரத்துக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக என்று ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் பிரித்துச் சொன்ன மண்ணில் இது நடந்தது. விளைவு சொற்களோடு நிற்கவில்லை. 1971 முதல் கருக்கலைப்பு சட்டப்படி சாத்தியமாக இருக்கும் நாட்டில், தமிழ்நாட்டு மருந்துக் கடைகள் பலவும் அதற்கான மாத்திரையை வைத்துக்கொள்வதில்லை. கேட்டுப் போகிற பெண்ணைத் திருடியைப் போலப் பார்க்கிறார்கள். பெண் என்பதற்காகக் கலைக்கும் குடும்ப அதிகாரத்தை எதிர்ப்பது வேறு, கலைக்கும் பெண்ணைக் கொலைகாரி என்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டியவர்கள் நாம்தான்.

“அப்போ பால் சொல்லலாம்ங்கிறீங்களா?” என்று கேட்பார்கள். கூடாது. இன்றைய குடும்பத்துக்குள் அந்தச் செய்தி பெண்ணின் அறிவாக ஒரு நிமிடமும் நிற்காது, கணவனின், மாமியாரின் ஆணையாக அக்கணமே மாறும். தடை இருக்க வேண்டும். 2016இல் அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, எல்லாக் கருவின் பாலையும் கட்டாயமாகப் பதிவு செய்து கர்ப்பத்தைக் கண்காணிக்கலாம் என்று யோசனை சொன்னார். அது குடும்பத்தின் கையிலிருந்து வயிற்றைப் பிடுங்கி அரசின் கையில் கொடுப்பது. தடை வேண்டும் என்று சொல்கிற நாம், அந்தத் தடையின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டத்தின் 24ஆம் பிரிவு, சோதனைக்கு வந்த பெண்ணைக் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே அனுமானிக்கச் சொல்கிறது. அவளைச் சிறையிலிருந்து காக்கும் நல்ல அனுமானம். ஆனால் அவளுக்கென்று ஒரு விருப்பம் இருக்கக்கூடும் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்த்ததற்கான தடயம் அதில் இல்லை.

அந்த விருப்பம் ஓரிடத்தில் மட்டும் பதிவாகிறது. ஒவ்வொரு கர்ப்ப ஸ்கேனுக்கும் ‘ஃபார்ம் எஃப்’ என்ற படிவம் நிரப்ப வேண்டும். பெயர், வயது, கணவர் பெயர், உயிரோடிருக்கும் குழந்தைகளில் ஆண் எத்தனை பெண் எத்தனை. இரண்டும் பெண் என்று எழுதியதும் கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார், பார்த்திருக்கிறேன். கடைசியில் மருத்துவரின் உறுதிமொழியும் அவளது உறுதிமொழியும். கருவின் பாலை நான் அறிய விரும்பவில்லை என்பது அவளுடையது. அந்த அறையில் ‘நான்’ என்று அவள் தொடங்கும் வாக்கியம் அது ஒன்றுதான், அதையும் வேறு யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். வரிசை நீளம். “இங்க ஒரு கையெழுத்து போடும்மா” என்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது.