எண்ணி முடிப்பதா, ஆடி முடிப்பதா?

2019 ஜூலை 14 போன்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு ரசிகருக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கும். லார்ட்ஸில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அதே லண்டனில், விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் ஜோகோவிச்சுக்கும் ஃபெடரருக்கும் இறுதிப் போட்டி. சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ. கார் பந்தயத்தில் ஹாமில்டன் வென்றார். அதில் வழக்கு ஏதுமில்லை. மற்ற இரண்டு ஆட்டங்களும் எந்தப் பக்கமும் சாயாமல் கடைசிவரை போய், விதிப்புத்தகத்தின் துணையோடுதான் முடிந்தன. டென்னிஸில் டைபிரேக்கர், கிரிக்கெட்டில் முதலில் சூப்பர் ஓவர், பிறகு பவுண்டரிக் கணக்கு. எல்லாமே சமநிலையை முறிக்க வந்த விதிகள்தான். ஆனால் டென்னிஸ் கையாண்டது நல்ல விதி, கிரிக்கெட் கடைசியில் போய் நின்றது மோசமான விதி. இப்படிப்பட்ட விதிகளை எடைபோட ஓர் அளவுகோல் போதும்: இரு தரப்பையும் சரிசமமாக நிறுத்தி மேற்கொண்டு ஆடச் சொல்கிறதா, அல்லது ஆடி முடித்ததிலிருந்தே எதையோ பொறுக்கி எண்ணித் தீர்ப்புச் சொல்கிறதா?

முடிவு வரும்வரை ஆடட்டுமே, விதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விம்பிள்டன் பல காலம் அப்படித்தான் நடத்திப் பார்த்தது. 2010-ல் ஜான் இஸ்னரும் நிகோலா மஹுவும் மூன்று நாட்களில் மொத்தம் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். ஐந்தாவது செட் 70-68 என்று முடிந்தது. வரலாறு படைத்த இஸ்னர் அடுத்த சுற்றில் வெறும் 5 கேம்களை மட்டும் எடுத்து, நேர் செட்களில் வெளியேறினார். 2018 அரையிறுதியில் அதே இஸ்னரை ஆறரை மணி நேரத்துக்கும் மேல் ஆடி 26-24 என்று கடைசி செட்டில் வென்ற கெவின் ஆண்டர்சன், இறுதிப் போட்டியில் ஜோகோவிச்சிடம் மூன்றே செட்களில் தோற்றார். பாதிப்பு அவரோடு நிற்கவில்லை. அதே கோர்ட்டில் தங்கள் முறைக்காகக் காத்திருந்த ஜோகோவிச்சும் நடாலும் இரவில்தான் இறங்க முடிந்தது. ஆட்டம் பாதியில் நின்று மறுநாள் சனிக்கிழமை முடிந்தது. ஒரு வார இறுதிக்குள் நான்கைந்து பெரிய ஆட்டங்களை அடுக்கி வைத்திருக்கும் போட்டியில், எல்லையில்லாத ஒரு செட் அடுத்தவரின் ஓய்வையும் வாய்ப்பையும் தின்றுவிடுகிறது. அந்த வருட அக்டோபரில் விம்பிள்டன் கடைசி செட்டுக்கு 12-12 என்ற நிலையில் டைபிரேக்கர் என்று அறிவித்தது நியாயமான முடிவு.

ஒற்றையர் ஆட்டத்தில் அந்த விதி முதன்முறையாகப் பயன்பட்டதே 2019 இறுதிப் போட்டியில்தான். 4 மணி 57 நிமிட ஆட்டம். மொத்தப் புள்ளிகளில் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. ஜோகோவிச் எடுத்த மூன்று செட்களும் டைபிரேக்கரில் எடுத்தவை. இந்த எண்களைக் காட்டி, சிறந்து ஆடியவர் தோற்றார், டைபிரேக்கர் வெறும் லாட்டரி என்று ஃபெடரர் ரசிகர்கள் ஆதங்கப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வாதம் நிற்காது. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று சாம்பியன்ஷிப்புக்கான இரண்டு புள்ளிகள் ஃபெடரர் கையில் இருந்தன, சர்வும் அவருடையது. முதலாவதில் அவருடைய ஃபோர்ஹேண்ட் வெளியே போயிற்று. இரண்டாவதில் அவர் வலையை நோக்கி ஏறிவர, ஜோகோவிச் குறுக்காக அடித்த பந்து அவரைக் கடந்துபோனது. டைபிரேக்கர் வருவதற்கு வெகுமுன்பே நடந்தது இது. வந்த பிறகும் அது டென்னிஸாகவேதான் இருந்தது: அதே சர்வ், அதே கோர்ட், சர்வ் இருவருக்கும் மாறி மாறி, இரண்டு புள்ளி வித்தியாசம் கட்டாயம். 218-ஐயும் 204-ஐயும் ஒப்பிட்டுக் கோப்பையைக் கொடுத்திருந்தால் அதுதான் அநியாயமாக இருந்திருக்கும். ஒரு செட்டை 1-6 என்று விட்டுக்கொடுத்தவர் மற்றொன்றைப் போராடி எடுக்கலாம் என்பதுதானே டென்னிஸின் அடிப்படை.

லார்ட்ஸில் நடந்தது வேறு. 50 ஓவர்களில் இரு அணியும் 241. சூப்பர் ஓவரில் இரு அணியும் 15. ஆர்ச்சர் வீசிய கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு 2 ரன் தேவை. கப்டில் லெக் பக்கம் தட்டிவிட்டு ஓடினார். முதல் ரன் முடிந்தது, இரண்டாவதற்குத் திரும்பினார், ஜேசன் ராய் எறிந்த பந்தை வாங்கி பட்லர் ஸ்டம்பைச் சாய்த்தபோது கப்டில் கோட்டுக்கு எட்டவில்லை. அந்த முதல் ரன்னைக் கவனியுங்கள். ஸ்கோரைச் சமன் செய்த ரன் அது. ஆனால் அதற்கு எந்த மதிப்பும் இருக்கவில்லை. சூப்பர் ஓவரும் டை ஆனால் பவுண்டரிகளை எண்ணுவது விதி; இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17. அதாவது இங்கிலாந்துக்குச் சமன் செய்தாலே போதும், நியூசிலாந்து ஒரு ரன் கூடுதலாக எடுத்தே ஆகவேண்டும். சரிசமமான புதுப் போட்டி என்று சொல்லப்பட்ட சூப்பர் ஓவரை ஒரு அணி தொடக்கத்திலேயே முன்னிலையில் நின்று ஆடியது. பவுண்டரிக் கணக்கின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான். தன் பிழையோடு நிற்காமல், தனக்கு முன்னால் வந்த நல்ல விதியையும் சேர்த்துக் கோணலாக்கிவிட்டது. தவிர, பவுண்டரிக்கு உரிய நான்கு ரன் ஏற்கெனவே ஸ்கோரில் சேர்ந்துவிட்டது. மெதுவான ஆடுகளத்தில் ஒன்றும் இரண்டுமாக ஓடிச் சேர்த்த 241, எல்லைக்கோட்டுக்கு அடித்துச் சேர்த்த 241-க்கு எந்த விதத்தில் குறைந்தது?

விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும், ஏற்றுக்கொண்டுதான் களமிறங்கினார்கள், பிறகு புலம்பக்கூடாது என்பது இங்கிலாந்து தரப்பின் வலுவான பதில். கோப்பை அவர்களுக்கு உரியது என்பதை நானும் மறுக்கவில்லை. தெரிந்த விதி என்பதால் அது சரியான விதி ஆகிவிடாது என்பதுதான் என் வாதம். விக்கெட்டை எண்ணியிருந்தால், 8 விக்கெட் மட்டும் இழந்த நியூசிலாந்து, எல்லா விக்கெட்டையும் இழந்த இங்கிலாந்தை வென்றிருக்கும். ஸ்கோர்கார்டில் எந்தப் பத்தியைப் பார்க்கிறோமோ அதற்கேற்ப உலக சாம்பியன் மாறுகிறார் என்றால், அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்தவர்தான் முடிவைத் தீர்மானிக்கிறார். 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213-ல் டை ஆனபோதும், அதற்கு முந்தைய சூப்பர் சிக்ஸ் சுற்றின் பட்டியலில் மேலே இருந்ததால் ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. நேரமில்லை என்ற சமாதானமும் லார்ட்ஸுக்குப் பொருந்தாது. மறுநாள் மாற்று நாளாக ஒதுக்கப்பட்டிருந்தது. இன்னொரு சூப்பர் ஓவருக்கு வேண்டியதோ ஆளுக்கு ஆறு பந்து. 50 ஓவர் ஆட்டத்தின் கடைசி ஓவரில் ஃபீல்டர் எறிந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடிய பந்துக்கு ஐந்துக்குப் பதில் ஆறு ரன் கொடுத்ததை நடுவர் குமார் தர்மசேன பின்னர் தவறென்று ஒப்புக்கொண்டார்; அந்த ஒரு ரன்னைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கண நேரத்தில் மனிதர் செய்யும் பிழையை ஆட்டம் தாங்கும். குழு கூடி, யோசித்து எழுதிவைத்த பிழைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கோப்பையைப் பகிர்ந்திருக்கலாமே என்றால், 2002-ல் கொழும்பில் மழை இரண்டு நாளும் ஆட்டத்தை அழித்தபோது இந்தியாவும் இலங்கையும் சாம்பியன்ஸ் டிராபியைப் பகிர்ந்தது போல, ஆட வழியில்லாதபோது அது சரி. லார்ட்ஸில் ஆட வழியும் இருந்தது, ஆட்களும் களத்திலேயே இருந்தார்கள்.

2019 அக்டோபரிலேயே ஐ.சி.சி. பவுண்டரிக் கணக்கைக் கைவிட்டது. அரையிறுதியிலும் இறுதியிலும் முடிவு வரும்வரை சூப்பர் ஓவர் என்று மாற்றியது. அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை 2020 அக்டோபர் 18, இன்னொரு ஞாயிறு, காட்டியது. ஐ.பி.எல்.லில் அன்று இரண்டு ஆட்டம், மூன்று சூப்பர் ஓவர். அபுதாபியில் கொல்கத்தாவும் ஹைதராபாத்தும் 163-ல் டை. லாக்கி ஃபெர்குசன் 2 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்து முடித்துவைத்தார். துபாயில் மும்பையும் பஞ்சாபும் 176-ல் டை. பும்ராவும் ஷமியும் வீசிய சூப்பர் ஓவரிலும் 5-5. இரண்டாவதில் மும்பை 11 எடுக்க, கெயிலும் மயங்க் அகர்வாலும் 15 எடுத்து வென்றார்கள். முதல் சூப்பர் ஓவரை வீசியவர் இரண்டாவதை வீச முடியாது, அவுட் ஆனவர் மறுபடி ஆட முடியாது, முன்பு பின்னால் ஆடிய அணி இப்போது முன்னால் ஆடவேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பும்ராவை நம்பி நிற்க முடியாமல், அணியின் ஆழம் கொஞ்சமாவது சோதிக்கப்படுகிறது. இருந்தாலும் ஒரு அணிக்கு ஒரு பந்துவீச்சாளரும் மூன்று மட்டையாளர்களும் ஆடுவது பதினொரு பேரின் ஆட்டத்துக்கு ஈடாகாது. 12-12 வரை இருவருக்கும் இடம் கொடுத்த டென்னிஸ் விதியோடு ஒப்பிட்டால் சூப்பர் ஓவர் அவசரக்காரன்தான். (2022-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களும் 6-6-ல் பத்துப் புள்ளி டைபிரேக்கர் என்று ஒரே விதிக்கு வந்தது, என் பார்வையில், தேவைக்கு மேல் சுருக்கியது.) ஆகவே ஒருவர் வெளியேறியே ஆகவேண்டிய ஆட்டங்களுக்கு மட்டும் சூப்பர் ஓவரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அணியும் 14 ஆட்டம் ஆடும் லீகில் அதற்கு என்ன அவசியம்? 176-க்கு 176 எடுத்த இரு அணிகளுக்கும் ஆளுக்கொரு புள்ளி கொடுத்து அனுப்புவதில் குறைவு ஒன்றுமில்லை, ஐ.சி.சி.கூட 2019-ல் குழு ஆட்டங்களில் சூப்பர் ஓவரும் டை ஆனால் அதை டை என்றே எழுதிக்கொள்ளலாம் என்றுதான் விட்டது. அந்த நள்ளிரவு ஆட்டம் தந்த பரபரப்பை நானும் ரசித்தேன். ஆனால் பரபரப்பு ரசிகனுக்குக் கிடைத்தது; 20 ஓவர் முழுக்கச் சமமாக ஆடிய மும்பைக்கு அன்று கிடைத்த புள்ளி பூஜ்யம்.