மூச்சு நின்றதை அறியாத மூளை

வலிப்பு நோயாளிகள் சிலர் இரவில் படுக்கையிலேயே இறந்து கிடப்பதுண்டு. பிணப் பரிசோதனையிலும் காரணம் அகப்படாது. "இதயம் நின்றுவிட்டது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இதயம் நிற்காத சாவு ஏது?

இக்கேள்விக்குள் துணிந்து புகுந்த ஆய்வுரை ஒன்று 2015இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று அறுவைக்கு முன் கண்டறிவதற்காக, நோயாளிகளின் மூளைக்குள் மின்முனைகள் செருகப்பட்டிருந்தன. பொட்டுக்கு உட்புறம் ஆழத்தில், வாதுமைப் பருப்பு வடிவில் உள்ள பகுதி அமிக்டலா. வலிப்பு அதை எட்டியதும் மூச்சு நின்றது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தது. அவ்விடத்தில் சிறு மின்னோட்டம் செலுத்தியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. மூச்சின் தாளத்தை வகுப்பது மூளைத்தண்டு. அதற்கு மேலிருந்து தடையாணை போகிறது என்பதே இதன் பொருள்.

வியப்பு இனிமேல்தான். மூச்சு நின்றதை நோயாளிகள் உணரவே இல்லை! திணறலும் இல்லை, அச்சமும் இல்லை. நாம் மூச்சை அடக்கினால் சற்று நேரத்தில் தவித்துப் போகிறோம் அல்லவா? அந்த எச்சரிக்கை மணியும் சேர்ந்தே அடங்கிவிடுகிறது. என் கருத்தில் ஆய்வுரையின் உயிர் இச்செய்தியே.

ஆயினும் ஒரு தடை எழுகிறது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் மூச்சு திரும்பிவிட்டது. ஆனால் 2013இல் பிரெஞ்சு மருத்துவர் ரிவ்லினும் குழுவினரும் பல நாட்டு மருத்துவமனைகளிலிருந்து திரட்டி வெளியிட்ட பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. கண்காணிப்பில் இருக்கையிலேயே நேர்ந்த இத்தகைய சாவுகள் 16. அவற்றில் 14 இரவில் நேர்ந்தவை. இதயம், மூச்சு பற்றிய பதிவுகள் கிடைத்தவை 10. அவற்றில் மூச்சு முற்றிலும் அடங்கியது வலிப்பு ஓய்ந்த பிறகு, 11 நிமிடங்களுக்குள். இதயம் நின்றது அதற்கும் பின்னர். ஓய்ந்துபோன வலிப்பு மூச்சை எப்படித் தடுத்து வைக்கும்? மிகச் சிலரிடமே செய்த 2015ஆம் ஆண்டுச் சோதனையில் இதற்கு விடை இல்லை.

அயோவா குழுவினர் 2023இல் மீண்டும் எழுதினர். சிலருக்கு மின்னோட்டம் நின்ற பின்னும் மூச்சுத் தடை நீடித்ததாம். இடைவெளி பாதி அடைபட்டது என்பேன். மீதிப் பாதிக்குக் கருவிகளும் பொறுப்பு. வலிப்பு ஆய்வறைகளில் மூளை அலைகளோடு இதயத் துடிப்பும் வழக்கமாகப் பதிவாகிறது; மார்பின் அசைவைப் பதியும் பட்டையைப் பல இடங்களில் கட்டுவதே இல்லை. அளக்காத ஒன்றைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்வது?

வீட்டாருக்கு ஒரு செய்தி: மூச்சு நின்ற நோயாளி உங்களைக் கூப்பிட மாட்டார். வலிப்பு ஓய்ந்ததும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நன்றாக விழிக்கும் வரை மார்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.