தூய்மை ஒன்றே போதுமா?
பாஸ்டரின் பீர் ஆராய்ச்சி நூல்: ஒரு மதிப்பீடு

லூயி பாஸ்டர் 1876-இல் வெளியிட்ட பீர் பற்றிய ஆராய்ச்சி நூல், நொதித்தல் அறிவியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. பீர் கெடுவதற்குக் காரணம் அதனுள் புகும் அயல் நுண்ணுயிர்களே என்பதை அது நிலைநாட்டியது. நூல் வருவதற்கு முன்பே, 1871-இல், லண்டனிலுள்ள விட்பிரெட் ஆலையின் ஈஸ்டை உருப்பெருக்கியில் பார்த்து அதிலிருந்த மாசைப் பாஸ்டர் சுட்டிக்காட்டினார். ஆலையினரும் உடனே ஓர் உருப்பெருக்கி வாங்கினார்கள்.

இவ்வளவு சிறந்த நூலில் குறை என்ன? ‘கலப்பு என்றாலே கேடு’ என்ற எண்ணத்தை அது படிப்பவர் மனத்தில் பதிய வைத்துவிடுகிறது.

பாஸ்டரின் முறை பாக்டீரியாக்களை விலக்க உதவியது. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் வெவ்வேறு ஈஸ்டுகளைப் பிரிக்க அதனால் இயலவில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒரே செல்லிலிருந்து ஈஸ்டை வளர்த்து அக்குறையை நீக்கினார். குளிரில் நொதிக்கும் லாகர் பீருக்கு அது பெரும் வெற்றி. மரப்பீப்பாயில் மாதக்கணக்காக முதிரும் ஆங்கிலப் பீருக்கோ, தூய ஈஸ்டால் பழைய மணம் வரவில்லை. ஏன்? கார்ல்ஸ்பர்க்கைச் சேர்ந்த கிளாசன் 1904-இல் விடை சொன்னார். முதல் ஈஸ்ட் ஓய்ந்தபின் இன்னோர் ஈஸ்ட் மெல்ல வேலை செய்கிறது! அதற்கு அவர் பிரெட்டனோமைசிஸ், அதாவது ‘பிரித்தானியப் பூஞ்சை’, என்று பெயரிட்டார். அதே ஈஸ்ட் மென்மையான லாகரில் புகுந்தால் பீர் கெட்டுவிட்டது என்பார்கள்.

அப்படியானால், முன்பின் அறியாத கலப்பு ஈஸ்ட் ஒன்று கிடைத்தால் எந்தப் பீருக்கு அதைப் பயன்படுத்துவது? பீர் வகையை முன்பே தீர்மானித்துவிட்டு அதில் ஈஸ்டைத் திணிக்கக் கூடாது. சாதாரண மால்ட் கரைசலில் சிறிதளவு நொதிக்க வைத்துப் பார்க்க வேண்டும். எந்த வெப்பநிலையில் சுறுசுறுப்பாக இருக்கிறது? கரைசலின் அடர்த்தி எவ்வளவு குறைகிறது? பழமணமா, கிராம்பு மணமா? அடியில் படிகிறதா, கலங்கியே நிற்கிறதா? வாரங்கள் கழித்தும் வாயு வந்தால், முதல் ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையை இரண்டாவது உண்கிறது என்று ஊகிக்கலாம். அதை அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தால் புட்டி வெடிக்கும். நெடுநாள் முதிரும் பீருக்கே அது ஏற்றது. மேலும், வண்டலை மறுமுறை பயன்படுத்தும்போது வேகமாகப் பெருகும் ஈஸ்டே மிகுந்துவிடும். பழைய விகிதம் நிலைக்காது.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. அனகாபுத்தூரில் எந்த வீட்டு அடுக்களையிலும் இதைப் பார்க்கலாம். முதல் நாள் மாவு இட்லிக்கு, மறுநாள் தோசைக்கு, நன்றாகப் புளித்தபின் ஊத்தப்பத்துக்கு அல்லது பணியாரத்துக்கு. மாவின் நிலைக்கேற்பப் பலகாரம் முடிவாகிறது. அந்த மாவும் நுண்ணுயிர்க் கலப்பே. லூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியாவே அதை முதன்மையாகப் பொங்கச் செய்கிறது என்று 1965-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாக்டீரியாவை முற்றிலும் விலக்கினால் நமக்கு இட்லி ஏது?

பாஸ்டரின் நூலைக் கட்டாயம் படியுங்கள். மாசைக் கண்டறியும் கண்ணை அது தருகிறது. ஆனால் மாசு எது, துணை எது என்பதைச் செய்யப்போகும் பண்டத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். ஹான்சன் தூயதாகப் பிரித்தெடுத்த லாகர் ஈஸ்டே இரண்டு இனங்களின் கலப்பு என்பது பின்னாளில் தெரிந்தது. அவற்றுள் ஒன்றைத் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் கண்டறிந்த செய்தி 2011-இல் வெளியானது. அந்தக் கலப்பினத்தின் பெயர் என்ன தெரியுமா? சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ், பாஸ்டரின் பெயரேதான்!