விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக் கரையில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடலைப் பார்த்து நின்றால், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் வரிசைகட்டித் தெரியும். 1942 ஏப்ரலில் அப்படி ஒரு விளக்கு எரிந்திருந்தாலும் அடிவயிறு கலங்கியிருக்கும். அந்த மாதம் 5ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு வீசியது. அடுத்தது மதராஸ்தான் என்று பேச்சு. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசு அலுவலகங்களை உள்நாட்டுப் பக்கம் மாற்றியது. ஜனங்கள் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு ராத்திரியானால் இருட்டடிப்பு.

அந்த இருட்டிலிருந்து வந்தவர்களுக்காக எடுத்த தமிழ்ப் படங்கள் சில உண்டு. உளவாளி, காதல், பாட்டு, சிரிப்பு எல்லாம் ஒரே பானையில் வெந்தவை. இன்றைக்கு அவற்றைப் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வரலாம். படத்தின் குற்றம் பாதி. நாம் பார்க்கும் விதத்தின் குற்றம் மீதி.

முதலில், படத்தை யார் கேட்டார்கள் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். பிலிம் சுருள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய சரக்கு. போர்க்காலத்தில் அதற்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாதென்று அரசு கட்டுப்படுத்தியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். யுத்தத்துக்கு ஆதரவாகவும் படம் எடுங்கள் என்று தயாரிப்பாளர்களை நெருக்கியது. 1939இல் 'தியாகபூமி' எடுத்து, அதே வெள்ளைக்கார அரசின் தடையைச் சம்பாதித்த கே. சுப்ரமணியம், 1945இல் எஸ்.டி. சுப்புலட்சுமியை நாயகியாக்கி 'மானசம்ரட்சணம்' எடுத்தார். எதிரி உளவாளிகளை ஒரு பெண் முறியடிக்கும் கதை. தடை போட்ட கைக்கே தாம்பூலம் கொடுத்த மாதிரி என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டூடியோவில் நூறு பேருக்கு அடுப்பெரிய வேண்டாமா?

அதே ஆண்டு வந்த 'பர்மா ராணி'தான் இந்த வகையில் என் செல்லம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம் படத்தை இயக்கியதோடு நிற்காமல், ஜப்பானிய அதிகாரியாக வில்லன் வேடத்தையும் தானே போட்டுக்கொண்டார். ஜப்பான் பிடித்து வைத்திருக்கும் பர்மாவில் இந்திய விமானிகள் மூன்று பேர் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்களைத் தப்ப வைக்கும் ரகசிய ஏஜெண்டாக கே.எல்.வி. வசந்தா, உடன் ஹொன்னப்ப பாகவதர். ஏற்காட்டு மலையடிவாரத்து ஸ்டூடியோவிலிருந்து ஒரு பர்மா. ஜப்பான்காரன் சேலத்துத் தமிழில் மிரட்டுவான். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், அன்றைக்கும் சிரித்திருப்பார்கள்.

ஆனால் தலைப்பில் இருக்கும் 'ராணி' என்ற சொல்லைக் கொஞ்சம் நெருடிப் பாருங்கள். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். கேப்டன் லட்சுமியின் கீழ் அதில் சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அவர்களில் பலர் பர்மா வரைக்கும் போனார்கள். திரையில் ஒரு தமிழ்ப் பேச்சு ராணி ஜப்பானை ஏமாற்றிக்கொண்டிருக்க, நிஜப் பர்மாவில் இன்னொரு தமிழ் ராணி ஜப்பானின் பக்கம் துப்பாக்கி பிடித்து நின்றிருக்கிறாள். இரண்டு பேரும் தாய்நாட்டுக்காகத்தான் என்று நம்பினார்கள். படம் அந்த இன்னொருத்தியைப் பற்றி மூச்சு விடாது. விடவும் முடியாது. அது எதைச் சொல்லவில்லை என்று கவனித்துக்கொண்டே பார்ப்பதில் தனி ருசி இருக்கிறது.

பாட்டுக்கும் காமெடிக்கும் வருவோம். உத்தரவு போட்டவர்களுக்கு வேண்டியது கதையில் இருக்கும். டிக்கெட் வாங்கியவர்களுக்கு வேண்டியது பாட்டிலும் சிரிப்பிலும் இருக்கும். இரண்டும் ஒட்டும் இடத்தில் தையல் தெரியும். அந்தத் தையலைத் தேடுங்கள். சண்டைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு டூயட் முளைத்தால், அங்கே படம் சர்க்காரிடமிருந்து நழுவி நம்மிடம் வந்துவிட்டது என்று அர்த்தம். கொத்தமங்கலம் சுப்பு ஜெமினிக்கு எடுத்த 'கண்ணம்மா என் காதலி' போரையும் காதலையும் சிரிப்பையும் கலந்ததும் இந்தக் கணக்கில்தான்.

பழகாதவர்கள் 1945இல் ஆரம்பிக்க வேண்டாம். 1963இல் வந்த 'ரத்தத் திலகம்' பாருங்கள். தாதா மிராசி இயக்கம், சிவாஜியும் சாவித்திரியும், கே.வி. மகாதேவன் இசை. முந்திய ஆண்டின் சீனப் போர் ஆறுவதற்குள் எடுத்த படம். கல்லூரிக் காதலி சீனாவில் ஓர் அதிகாரியின் மனைவியாகி, இந்தியாவுக்கு உளவு சொல்கிறாள். முடிவு அழ வைக்கும். ஆனால் முன்பாதி முழுக்க சீண்டலும் பாட்டும்தான். அதில் ஒரு கல்லூரிப் பிரிவுப் பாட்டு வருகிறது. இப்போதும் கடைசி வருட மாணவர்கள் அதைப் பாடித்தான் கலைகிறார்கள், படத்தின் பெயர் தெரியாமலே. இன்னொரு பாட்டில், அதை எழுதிய கண்ணதாசனே கையில் கோப்பையோடு தோன்றுவார். மதுவிலக்கு அமலில் இருந்த ராஜ்ஜியத்துத் திரையரங்கில் அதைப் பார்த்தவர்களின் கைத்தட்டலையும் சேர்த்துக் கேளுங்கள்.

சிவாஜியும் சாவித்திரியும் மேடையில் 'ஒத்தெல்லோ' நடிக்கும் காட்சியைப் பலர் வெறும் இங்கிலீஷ் ஜம்பம் என்று ஓட்டிவிடுவார்கள். ஓட்டாதீர்கள். குற்றமற்ற மனைவியைச் சந்தேகித்துக் கொல்கிற நாடகம் அது. பின்பாதியில் இதே நாயகன் இதே பெண்ணைத் துரோகி என்று நம்பப் போகிறான். படம் முடிந்ததும் திரும்பப் போய் அந்த மேடைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். சாவித்திரியின் முகம் வேறு மாதிரித் தெரியும்.

அயல்நாட்டுச் சரக்கோடு ஒப்பிட ஆசையிருந்தால் 1970இல் வந்த 'டார்லிங் லிலி'. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு உளவு பார்க்கும் பாடகியாக ஜூலி ஆண்ட்ரூஸ். தலைக்கு மேல் ஜெப்பலின் ஆகாயக் கப்பல் வந்திருக்க, திகைத்த அரங்கத்தைப் பாட்டால் கட்டிப்போடுவாள். படம் ஓடவில்லை; பணம் முழுகிற்று. பாடுகிறவளை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்ற யோசனை மட்டும் தப்பித்தது.

ஷிப்ட் இடைவேளையில் செல்போனில் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய எண்ணூர்ப் பக்கத்துப் பர்மா நகரில் யாரையாவது தெரியுமென்றால் இன்னும் விசேஷம். ஒரு தட்டு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸோடு பேச்சு தானாக வரும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். நான் போன வாரம் 'ரத்தத் திலகம்' முடிந்து மொட்டை மாடிக்கு வந்தபோது கடலில் விளக்குகளை எண்ணினேன். பதினொன்று.