பனிக்கும் எடை உண்டு

கோட்டின் கையில் விழுந்த பனியை ஊதிப் பாருங்கள். மாவுபோலப் பறந்துபோனால் நீங்கள் நிற்பது ஹொக்கைடோ. ஊத வாயைக் குவிப்பதற்குள் துணியில் ஊறிவிட்டால் ஹொக்குரிக்குப் பக்கம், கனசாவாவிலோ தொயாமாவிலோ நிற்கிறீர்கள். இரண்டு பனியும் ஒரே கடலின் ஈரம். கொண்டுவந்து இறக்குவதும் ஒரே காற்று. கையில் ஏந்தினால் மட்டும் இரண்டும் வேறு வேறு பொருள்.

புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, மலையை மூடுவதும் பனி. ஜப்பானியர் வானிலிருந்து இறங்குவதையே பிரித்துப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். மாவாகக் கொட்டினால் கொனாயுக்கி. ஓசையே இல்லாமல் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருந்தால் சசாமேயுக்கி. பியோனிப் பூவின் இதழ் அளவுக்குப் பெரிய செதில்களாக ஆடி ஆடி இறங்கினால் போத்தான்யுக்கி. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் பனி. பனிச்சறுக்குக்காரர்கள் இதை அவ்வளவாக மதிப்பதில்லை.

சைபீரியாவில் கிளம்பும் காற்று எலும்பு உறையும் குளிரோடு, வறண்டு வருகிறது. வழியில் ஜப்பான் கடல். அதில் தெற்கிலிருந்து ஓடிவரும் சுஷிமா நீரோட்டத்தால் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும். காற்று அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டே கடலைக் கடக்கிறது. அந்த நாட்களின் செயற்கைக்கோள் படத்தில் கடல்மேல் மேகங்கள் நூல் நூலாக, தறியில் பாவு விரித்ததுபோல் தெரியும். ஹோன்ஷு தீவின் மலைத்தொடரில் முட்டியதும் சுமை முழுவதும் மேற்குச் சரிவில் இறங்கிவிடுகிறது. கிழக்கே தோக்கியோவுக்குப் போய்ச் சேர்வது வெறுங்காற்று. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிவரும் காற்றை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஜனவரியில் தோக்கியோ வானம் துடைத்துவைத்த நீலம்.

அந்த நீலத்திலிருந்து வெண்மைக்குப் போக ஒரு சுரங்கப்பாதை போதும். 1931-இல் திறந்த ஷிமிசு சுரங்கம் அது. கவாபத்தாவின் ‘பனிநாடு’ நாவல் ரயில் அதைவிட்டு வெளியே வருவதில்தான் தொடங்குகிறது. இன்று ஷின்கான்சென் ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் காலா யுசாவா நிலையம் வந்துவிடும். பனிச்சறுக்குக் காலத்துக்கு மட்டுமே திறக்கும் நிலையம் அது. இறங்கி, அதே கட்டடத்தில் சறுக்குக் கட்டையும் காலணியும் வாடகைக்கு எடுத்து, அங்கிருந்தே ரோப்காரில் மலையேறிவிடலாம். காலையில் அலுவலக நெரிசலோடு கிளம்பியவர் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்.

வடக்கே ஹொக்கைடோவில் குளிர் இன்னும் கடுமை. சப்போரோவின் ஜனவரிச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 3 டிகிரி. மலையில் அதைவிட வெகு கீழே. அந்தக் குளிரில் பனிப்படிகத்தின் விளிம்பு உருகுவதில்லை, அதனால் ஒன்றோடொன்று ஒட்டுவதுமில்லை. விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். புதிதாக விழுந்த இந்தப் பொடிப்பனி ஒரு கனமீட்டர் ஐம்பது கிலோ அளவில் இருந்துவிடும். அதே கனமீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. நிசெக்கோவில் ஒரு பருவத்துக்குச் சராசரி 15 மீட்டர் அளவுக்குக் கொட்டுவது இந்தப் பனிதான். உலகெங்குமிருந்து வரும் சறுக்குக்காரர்கள் ‘ஜப்பௌ’ என்று ஜப்பானையும் பௌடரையும் சேர்த்துக் கூப்பிடுவதும் இதைத்தான். முழங்கால்வரை புதைந்தபடி அவர்கள் வளைந்து திரும்பும்போது பனி புகைபோல் நெஞ்சுவரை எழுந்து, மெல்ல அடங்கும். கட்டை உராயும் சத்தமே கேட்காது. பார்ப்பவர்களுக்கே உடம்பு இலேசாகிவிடும்.

ஆனால் இந்தப் பனியைப் பிடித்து உருண்டை செய்யுங்கள் பார்ப்போம், உதிர்ந்துவிடும். 1950-இல் பள்ளி மாணவர்கள் ஒதோரி பூங்காவில் ஆறு சிற்பங்கள் வடித்துத் தொடங்கிவைத்த சப்போரோ பனித் திருவிழாவில் இன்று மாளிகை உயரத்துக்குச் சிற்பங்கள் எழுகின்றன. அவற்றுக்கு லாரி லாரியாகப் பனியைக் கொண்டுவந்து, சட்டகத்துக்குள் கொட்டி, ஏறி மிதித்து இறுக்கவேண்டியிருக்கிறது. தானாக ஒட்டாத பனியை மனிதர் ஒட்டவைக்கிறார்கள்.

ஈரப்பனி ஊரில் பிறந்து உலர்பனி ஊரில் ஆராய்ந்தவர் நகாயா உக்கிச்சிரோ. 1900-இல் இஷிக்காவா மாநிலத்துக் கத்தயாமசுவில் பிறந்து, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1936-இல் ஆய்வகக் குளிரறையில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். நுனி எதுவும் இல்லாமல் படிகம் அந்தரத்தில் நிற்காது. பட்டுநூல் போன்றவற்றைத் தொங்கவிட்டால் உறைபனி அப்பிக்கொண்டது. கடைசியில் கைகொடுத்தது ஒரு முயல் ரோமம். அதிலிருந்த சிறு முடிச்சொன்றில் ஆறு கை விரித்து அந்தப் படிகம் பூத்தது. எந்தக் குளிரில், எவ்வளவு ஈரத்தில் எந்த வடிவம் பிறக்கும் என்று அவர் வரைபடமே போட்டுவிட்டார். பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி அளவில் ஊசி. 15 டிகிரி அளவில் பெரணி இலைபோல் கிளைவிட்ட நட்சத்திரம். ஆக, கையில் விழுந்த படிகத்தின் வடிவத்தை வைத்தே மேலே வானம் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இனி என் பனிக்கு வருகிறேன். கனசாவாவின் ஜனவரிச் சராசரி வெப்பநிலை 4 டிகிரி. பனி பூஜ்யத்தை ஒட்டியே இறங்குவதால் படிகங்களின் விளிம்பு இளகி, பத்து இருபது என்று பிடித்துக்கொண்டு பெரிய இதழாகிறது. அழகு அங்கே பிறக்கிறது, எடையும் அங்கேதான் பிறக்கிறது. படிந்து இறுகிய பனி ஒரு கனமீட்டர் 300 கிலோவைத் தொடும். நூறு சதுர மீட்டர் கூரைமேல் ஒரு மீட்டர் உயரம் நின்றால் 30 டன். அதைத் தள்ளிவிட ஏறி, தவறி விழுந்து இறப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இருக்கிறார்கள். இந்தப் பனியின் அழகைப் பேசுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

நீகத்தா மாநிலத்துத் தக்கதாவில் வீட்டுக்கு வீடு தெருப்பக்கம் கூரையை நீட்டி, கீழே நடைபாதை விட்டிருக்கிறார்கள். கங்கி என்று பெயர். தெருவை ஆளுயரப் பனி மூடினாலும் ஊர் நடமாடும். சுமார் 16 கி.மீ. நீளும் அந்த நடைபாதையில் ஒவ்வொரு துண்டும் ஒரு வீட்டுக்காரர் தம் சொந்த நிலத்தில் ஊருக்காக விட்டுக்கொடுத்தது. அதே தக்கதாவில்தான் 1911 ஜனவரி 12 அன்று தியோடோர் வான் லெர்ச் என்ற ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவ அதிகாரி ஜப்பானிய வீரர்களுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இரண்டு கைக்கும் சேர்த்து ஒரே ஒரு நீண்ட கோல்! ஜப்பானின் பனிச்சறுக்குக்குப் பிள்ளையார் சுழி விழுந்தது பொடிப்பனியில் இல்லை, இந்தக் கனத்த பனியில்.

மறுபடி கனசாவா, அங்கே கென்ரோக்குயென் தோட்டத்துக்கு வாருங்கள். பிவா ஏரிக்கரைக் கராசாக்கியிலிருந்து கொண்டுவந்த விதையில் வளர்ந்த பைன் மரம், குளத்தின்மேல் கிளைகளைக் கிடையாகப் பரப்பி நிற்கிறது. ஈரப்பனி அமர்ந்தால் அந்தக் கிளைகள் முறிந்துவிடும். அதனால் மரத்தோடு ஐந்து கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் வைக்கோல் கயிறுகளை இறக்கிக் கிளை கிளையாகத் தாங்கியிருக்கிறார்கள். சுமார் 800 கயிறுகள். யுக்கித்சூரி என்பார்கள். காய்த்துத் தொங்கும் ஆப்பிள் கிளைகளைத் தூக்கிக் கட்டிய தோட்டக்காரர் கைப்பழக்கம் அது. இந்தக் கட்டுக்கு ‘ஆப்பிள் தூக்கு’ என்றே பெயர்.

அருகில் போய்ப் பார்த்தேன். கயிறு நன்றாகவே இழுபட்டு நிற்கிறது, கிளையை மட்டும் அது மேலே இழுத்துவிடவில்லை. பைன் தன் இயல்பில் எங்கே தாழ்ந்திருக்குமோ அங்கேயே தாங்கி நிறுத்தியிருக்கிறது. பனி இல்லாத நாளில் அந்தக் கயிறுகள் மரத்துக்குப் பிடித்த குடைக்கம்பிகள். பனி விழுந்த காலையில் ஒவ்வொரு கயிற்றின் மேலும் விரலகல வெண்கோடு. குளத்து நீரில் அந்தக் கூம்பு தலைகீழாக விழ, கிளையிலிருந்து ஒரு பிடிப் பனி நழுவித் தண்ணீரில் மெத்தென்று விழுந்தது. கயிறு ஒரு நொடி நடுங்கி நின்றது. பொடிப்பனி விழும் ஊரில் இந்தக் காட்சி பிறந்திருக்காது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 அன்று அந்தத் தோட்டத்தில் முதலில் கயிறேறுவது கராசாக்கிப் பைனுக்குத்தான். மார்ச் நடுவில் அவிழ்க்கத் தொடங்குவார்கள். பனிக்காலத்தில் ஜப்பான் போகிறவர்கள் நிசெக்கோவுக்கு நான்கு நாள் ஒதுக்கினால், கனசாவாவுக்கு ஒரு காலைப்பொழுதையாவது ஒதுக்குங்கள். கையில் குடை இருக்கட்டும்.